உப்பு, வெயில், முற்றம்: தாம்பரம் வட்டாரத்தில் வற்றல், ஊறுகாய் மரபின் வளர்ச்சி

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை நீளும் தாம்பரம் வட்டாரத்தில், கோடையின் பிற்பகுதியில் ஒரே சமயத்தில் காய்த்துக் குவியும் மாங்காய், கத்தரி, கொத்தவரை, சுண்டை, மிளகாய் ஆகியவற்றை ஐப்பசி, கார்த்திகை அடைமழை வரை கெடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம், பெரும்பாலும் வெயிலின் கொடையாகவே பேசப்பட்டு வந்துள்ளது. ஆனால் வெயில் என்றும் இருந்ததே. காலந்தோறும் மாறியவை உப்பின் விலையும் உலர்த்துவதற்கான இடமும்தான். இவ்வட்டாரத்து வீடுகளில் எது வற்றலாயிற்று, எது ஊறுகாயாயிற்று, எது கடைக்குப் போயிற்று என்பதைத் தீர்மானித்ததில் வெயிலைவிட இவ்விரண்டுக்கே பங்கு மிகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

இவ்வட்டாரம் அடங்கிய தொண்டைமண்டலத்தைப் பற்றிய பழைய இலக்கியச் சான்று, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. அந்தணர் வீட்டு விருந்தில் மாவடுவை ஊறவைத்த காடி, அதாவது புளிப்பேறிய ஊறல், பரிமாறப்படுவதை அந்நூல் கூறுகிறது. அதனுடன் வரும் மாதுளங்காய் மிளகும் கறிவேப்பிலையும் கலந்து வெண்ணெயில் சமைக்கப்படுகிறது. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர் என்னும் உப்பு வணிகரின் வண்டியிலும் கயிற்றால் கட்டிய காடிக் கலம் ஒன்று அதே நூலில் இடம்பெறுகிறது. உப்பை விற்றவர்களே அதன் பயனையும் வழித்துணையாகச் சுமந்து சென்றார்கள் என்பதை இது காட்டுகிறது. இச்சான்றுகளில் மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின், 16-ஆம் நூற்றாண்டில்தான் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இன்று நாட்டு மரபின் அடையாளமாகவே கொள்ளப்படும் சுண்டைச் செடியையும் தாவரவியலார் வெப்பமண்டல அமெரிக்காவுக்கு உரியதாகவே வகைப்படுத்துகின்றனர். ஆக, வற்றல் குழம்பு எனப்படுவதன் இன்றைய வடிவம் பலர் எண்ணுவதைவிட இளமையானது.

கெடாமல் காப்பதன் அடிப்படை, காயிலுள்ள நீரை நுண்ணுயிர்களுக்கு எட்டாமல் செய்வதாகும். உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நிலையில் உள்ளது என்பதே முக்கியம். இதை உணவியலார் நீர்ச் செயல்திறன் என்பர். தூய நீருக்கு 1 என்று கொள்ளும் இந்த அளவு, 0.85-க்குக் கீழே இறங்கினால் நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பெருகுவதில்லை, 0.6-க்குக் கீழே பூஞ்சைக்கும் வழியில்லை. வெயில் நீரை வெளியேற்றுகிறது. உப்பு நீரைத் தன்னுடன் பிணைத்துக்கொள்கிறது. மோரிலுள்ள லாக்டிக் அமிலம், புளிப்பு தாங்காத கிருமிகளைத் தடுக்கிறது. மோர் மிளகாயில் இம்மூன்றும் ஒருங்கே வேலை செய்கின்றன. காம்பு நீங்காத மிளகாயின் வயிற்றில் கீறி, உப்புக் கரைத்த புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் வடித்துப் பாயில் பரப்பி, மாலையில் மீண்டும் அதே மோரில் போடுவர். நான்கைந்து நாளில் சட்டியிலுள்ள மோர் முழுவதும் மிளகாய்க்குள் போய்விடும். அதன்பின் காய் கலகலவென்று ஒலிக்கும் வரை வெயிலில் காயவிட்டால் போதும். மாவடுவில் முறை நேர்மாறானது: வெயிலே வேண்டாம். விளக்கெண்ணெய் தடவிய வடுவின்மேல் கல் உப்பையும் கடுகுப் பொடியையும் மிளகாய்ப் பொடியையும் மஞ்சளையும் தூவி ஜாடியில் குலுக்கி வைத்தால், காய் தன் நீரைத் தானே விட்டுச் சுருங்கி அந்த நீரிலேயே ஊறும். ஆகவே வடுவுக்கு உப்பு நிறைய வேண்டும்; வற்றலுக்கு உப்பு குறைவாகவும் இடம் நிறையவும் வேண்டும். இந்த வேறுபாடு பின்னர் வரும் வரலாற்றுக்கு முக்கியமானது.

வட்டாரத்தின் தட்பவெப்பமும் தன் பங்குக்கு ஒரு வரம்பு விதிக்கிறது. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அம்மாத இறுதி வரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில், முற்பகலில் உள்நாட்டிலிருந்து வீசும் உலர்ந்த மேல்காற்றும் அதன்பின் ஈரம் சுமந்துவரும் கடற்காற்றும் அடுத்தடுத்து வருகின்றன. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. உள்ளே இருக்கும் தாம்பரத்தைக் கடற்காற்று மயிலாப்பூரையோ அடையாற்றையோவிடத் தாமதமாகவே எட்டுவதால், காய் உலர்வதற்கு இங்கு நாளொன்றில் சற்றே கூடுதல் நேரம் கிடைத்தது. பொழுது சாயுமுன் வற்றலை உள்ளே எடுத்துவிட வேண்டும் என்னும் கண்டிப்புக்குக் காரணம் பனி மட்டுமன்று, இந்த ஈரக்காற்றும்தான்.

உப்பின் கதை வேறு. தாம்பரத்துக்குத் தென்கிழக்கே கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளில் உப்பளங்கள் இருந்தும், 1805-இல் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் தனியுரிமையாக்கிய பின், கைக்கெட்டும் தூரத்து உப்பும் வரியோடுதான் சமையலறைக்கு வந்தது. 1806-இல் தொடங்கப்பட்டுப் பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற நீர்வழி, உப்பையும் விறகையும் படகில் நகருக்குக் கொண்டுவந்தது. போக்குவரத்துச் செலவு குறைந்தும் வரி குறையவில்லை. 1888-இல் மணங்குக்கு இரண்டரை ரூபாயாக உயர்ந்த வரி 1907-இல் ஒரு ரூபாய்க்கு இறங்கியது. இங்கு மணங்கு என்பது சென்னையின் சிறிய மணங்கு அன்று, சுமார் 37 கிலோ கொண்ட அரசாங்க மணங்கு. எனவே 1888-இன் வரி இன்றைய கிலோவுக்கு ஓரணாவுக்குச் சற்று மேலாகிறது. ஒரு நாள் கூலியே சில அணாக்களாக இருந்த காலத்தில் இது சிறு தொகையன்று. மீன் கருவாடாகாமல் அழுகிப் போவதைக் கண்ட மாகாண அரசு, கடலோரத்தில் மீன் பதனிடும் முற்றங்களை அமைத்து அங்கு வரியில்லா உப்பை வழங்கியது. தோட்டக் காய்க்கு அத்தகைய சலுகை இல்லை. வீட்டுப் பெண்களின் உழைப்பு வருவாய்க் கணக்கில் ஏறாததே அதற்குக் காரணமாக இருக்கலாம். உப்பு மிகுதியாகத் தேவைப்படும் ஊறுகாய் வசதியான வீடுகளின் பொருளாகவும், குறைந்த உப்பில் முடியும் வற்றல் எல்லா வீடுகளின் பொருளாகவும் பிரிந்ததில் இவ்வரிக்கும் பங்குண்டு எனக் கருத இடமிருக்கிறது. 1930-இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய போராட்டத்துக்கும், 1947-இல் உப்பு வரி நீக்கப்பட்டதற்கும் சமையலறையில் இருந்த பொருள் இதுவே.

உப்பு மலிந்த அதே தலைமுறையில் இவ்வட்டாரத்தின் நிலமும் உருமாறியது. 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர்க் காட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் குரோம்பேட்டை, சிட்லபாக்கம், சேலையூர் என ஏரிகளை ஒட்டிய நிலங்கள் மனைகளாயின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் கிணறு, தென்னை, முருங்கை, மா, கறிவேப்பிலை ஆகியவற்றுடன் கூடிய தனிவீடே அக்குடியேற்றங்களின் வடிவமாக இருந்தது. கிராமத்தில் களமும் முற்றமும் செய்த வேலையை, அவ்வீடுகளில் தட்டையான மொட்டை மாடி ஏற்றுக்கொண்டது. காக்கையும் அணிலும் அங்கும் விட்டுவைக்கவில்லை என்றாலும், ஆடு மாடுகளின் தொல்லை இல்லை, தெருப்புழுதி குறைவு. உப்பும் இடமும் ஒருங்கே மலிந்திருந்த இந்தச் சில பத்தாண்டுகளையே இவ்வட்டாரத்து வற்றல், ஊறுகாய் மரபின் செழுமைக் காலம் எனலாம். கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தனிக்குடித்தனம் வந்த இளம் பெண்களுக்கு எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்ததும் இக்காலத்தில்தான். மாமியாரின் கைப்பக்குவம் அச்சில் அளவாக மாறியது.

தொழிற்சாலை ஊறுகாய் இதற்கு இணையாகவே வளர்ந்தது. 1950-இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டின் பழப்பொருள் ஆணை, உப்பையே முதன்மைக் காப்புப் பொருளாகக் கொண்ட ஊறுகாயின் நீரில் குறைந்தது 12 விழுக்காடு உப்பு இருக்க வேண்டும் என வரையறுத்தது. வீட்டில் நாக்கு செய்துவந்த சோதனையைச் சட்டம் எண்ணாக்கியது இவ்வாறே.

1990-களுக்குப் பின் இவ்வட்டாரத்தில் தனிவீடுகள் அடுக்ககங்களாக மாறத் தொடங்கியபோது, குறைவுபட்டது உப்பன்று, இடம். பொது மொட்டை மாடியில் ஒரு வீட்டாரின் பாய் பரப்பும் உரிமை பலருடைய சம்மதத்தைப் பொறுத்ததாயிற்று. தண்ணீர்த் தொட்டியும், கைப்பேசிக் கோபுரமும், அண்மைக் காலத்தில் சூரிய மின்தகடுகளும் அதே வெயிலுக்குப் போட்டியிட்டன. வற்றலின் தேவை மட்டும் குறையவில்லை. 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவாகி, முடிச்சூர் உள்ளிட்ட பகுதிகள் நீரில் தனித்து நின்றபோது, காய்கறிக் கடைக்குப் போக முடியாத வீடுகளில் சமையலைத் தாங்கியிருக்கக் கூடியவை இத்தகைய சேமிப்புகளே. பழைய வழக்கம் எந்த மாதங்களை மனத்தில் வைத்து உருவானதோ அந்த மாதங்களில்தான் இவ்வெள்ளமும் வந்தது. மருந்தின் வழியாகவும் வற்றல் நீடிக்கிறது: 2005-இல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சார்ந்திருக்கும் சித்த மரபில், சுண்டை வற்றலுடன் நெல்லி வற்றல், மாம்பருப்பு, ஓமம், வெந்தயம் முதலியன சேர்ந்த சுண்டைவற்றல் சூரணம் வயிற்றுக் கோளாறுகளுக்கு உரியது.

2013-ஐ ஒட்டித் தோட்டக்கலைத் துறை சென்னையில் மாடித் தோட்டத் தளைகள் எனப்படும் பொருள் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கிய பின், காய் மீண்டும் மாடிக்கு வந்துள்ளது. ஆனால் தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் விளையும் கத்தரியும் மிளகாயும் வாரம் ஒரு கைப்பிடி அளவில் வருவதால், ஒரே வாரத்தில் குவியலாகக் காயவைக்கும் பழைய முறை அவற்றுக்குப் பொருந்தவில்லை. ஆகவே இவ்வட்டாரத்தில் இன்று வற்றல் பெருமளவில் உண்டாவது மகளிர் சுயஉதவிக் குழுக்களிடமும் வீட்டிலிருந்தே விற்கும் சிறு தயாரிப்பாளர்களிடமும்தான். 2011-இன் உணவுப் பாதுகாப்பு விதிகள், ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அவர்களுக்கு உரிமம் கேட்காமல் பதிவை மட்டும் கேட்டன. அவர்களுக்கும் முதல் தேவை மறைப்பில்லாத ஒரு மாடி என்பதால், இத்தொழில் தனிவீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கும் மாடம்பாக்கம், அகரம்தென் போன்ற விளிம்புகளை நோக்கியே நகரக் கூடும்.