பைப் தண்ணீரும் கள்ளக் கனெக்ஷனும்: பண்டைய ரோமின் நீர்க் கணக்கு

நமது காலத்துக்கே உரியவை என்று நாம் நினைக்கும் நகர வசதிகளில் பல, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோம் நகரில் இருந்தன. மாடிக்கு மேல் மாடி வைத்த தொடர்மாடிகளில் மக்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அவை இடிந்து விழுவதும் எரிந்து போவதும் வழக்கமாகிவிட்டதால், கட்டடங்கள் 70 ரோம அடிக்கு மேல் உயரக் கூடாது என்று பேரரசர் அகஸ்டஸ் சட்டம் போட்டார். இன்றைய கணக்கில் அது 20 மீற்றர் அளவு. தீயணைக்கவும் இரவில் காவல் சுற்றவும் கி.பி. 6இல் ஒரு படையையும் அவர் அமைத்தார். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரைத் தோண்டியபோது, சாப்பாட்டுக் கடைகள் ஏராளமாக வெளிவந்தன. வீதியைப் பார்த்த கல்மேடை, அதில் பதித்த சாடிகள், பின்னால் நின்று பரிமாற ஓர் ஆள். வீட்டில் சமைக்க வசதியில்லாதவர்களின் வயிற்றை இந்தக் கடைகள்தான் நிரப்பின.

"அட, அப்பவே இதெல்லாம் இருந்திருக்கா!" என்று வியப்பது இயல்பு. வகுப்பில் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒரு வசதி இருந்தது என்பதோடு பாடம் முடிவதில்லை. அது யாருக்குக் கிடைத்தது, அதை யார் பராமரித்தார்கள், எப்படி நின்றுபோனது என்றும் கேட்க வேண்டும். ரோமின் வசதிகளில் இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடியது தண்ணீர்தான். ஏனென்றால், அதற்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியே ஒரு நூல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ரோமின் முதலாவது நீர்க்கால்வாய் கி.மு. 312இல் கட்டப்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டு முடியும்போது ஒன்பது கால்வாய்கள் நகருக்குள் தண்ணீர் கொண்டுவந்தன. பம்ப் கிடையாது, மோட்டர் கிடையாது. மலை ஊற்றிலிருந்து நகரம் வரைக்கும் சிறு சரிவு மட்டும்தான். படங்களில் நாம் பார்க்கும் உயர்ந்த வளைவுகள் அந்தக் கால்வாய்களின் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி நிலத்துக்குக் கீழேயே ஓடியது. சரிவை எவ்வளவு நுட்பமாகக் கணித்தார்கள் என்பதற்குப் பிரான்சின் நீம் நகருக்குப் போன ரோமக் கால்வாய் சாட்சி. சுமார் 50 கிலோமீற்றர் தூரத்துக்கு அது இறங்குவது 20 மீற்றருக்கும் குறைவு.

கி.பி. 52இல் பேரரசர் கிளாடியஸ் கட்டி முடித்த கால்வாய் ரோமின் மிகப் பெரிய கால்வாய்களில் ஒன்று. அதே கிளாடியஸின் காலத்தில்தான் இலங்கையிலிருந்து தூதர்கள் ரோமுக்குப் போனதாக மூத்த பிளினி எழுதியிருக்கிறார்.

நகருக்குள் வந்த தண்ணீர் தாங்கிகளில் சேர்ந்து, அங்கிருந்து ஈயக் குழாய்களில் பிரிந்தது. வீதிக்கு வீதி பொதுத் தொட்டிகள் இருந்தன. பல தொட்டிகளில் இரண்டு பீலிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு கால்வாயிலிருந்து. ஒன்று நின்றால் மற்றது ஓடும். வீட்டுக்குத் தனிக் குழாய் வேண்டுமானால் பேரரசரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்த அனுமதி ஆளுக்கு மட்டுந்தான்; வீட்டை வாங்கியவருக்கோ வாரிசுக்கோ சேராது. ஆகவே வீட்டுக்குள் பைப் தண்ணீர் என்பது செல்வாக்குள்ளவர்களின் வசதி. தொடர்மாடியின் மேல்தட்டில் இருந்தவர்கள் வீதித் தொட்டியில் அள்ளி, படியேறித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கி.பி. 97இல் பேரரசர் நேர்வா இந்த நீர்வழங்கலுக்கு ஒரு புதிய பொறுப்பதிகாரியை நியமித்தார். பெயர் செக்ஸ்டஸ் ஜூலியஸ் ஃபிரன்டினஸ். பிரித்தானியாவில் ஆளுநராக இருந்தவர். வந்ததும் கணக்குப் புத்தகத்தைத்தான் எடுத்துப் பார்த்தார். தண்ணீரை அன்று 'குவினாரியா' என்ற குழாய் அளவால் கணக்கிட்டார்கள். புத்தகத்தில் வரவு 12,755. செலவு 14,018. வந்ததைவிட 1,263 கூடுதலாகக் கொடுத்ததாகக் கணக்கு! இது எப்படி நடக்கும்? கால்வாய்களின் தலைவாய்களில் அளந்து பார்த்தபோது இன்னொரு விசயம் வெளிவந்தது. புத்தகத்தில் இருந்ததைவிடச் சுமார் 10,000 குவினாரியா அதிகமான தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்படியானால் மிச்சம் எங்கே போகிறது?

தேடிப் போனார். வழியிலுள்ள தோட்டக்காரர்கள் கால்வாயை உடைத்துப் பயிருக்குப் பாய்ச்சியிருந்தார்கள். சில வீடுகளின் குழாய் வாய் அனுமதித்த அளவைவிடப் பெரிதாக இருந்தது. சிலவற்றில் அரச முத்திரையே இல்லை. அனுமதி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது, நீர்ப் பணியாளர்கள் தாங்கியில் புதுத் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய துளையை மூடாமல் அந்தத் தண்ணீரை விற்றார்கள். வீதிக் கற்களுக்குக் கீழே கள்ளக் கனெக்ஷன்கள் ஓடின. துளை போட்டுக் கொடுப்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான்; அந்தத் தொழிலுக்கு ஒரு பெயரும் இருந்தது. வழிநெடுகக் கடைகாரர்கள் எல்லாரும் அவனிடம்தான் லைன் எடுத்தார்கள். வேண்டுமென்றே குழாயையோ கால்வாயையோ துளைப்பவனுக்கு 1,00,000 செஸ்டர்ஸ் தண்டம் என்று கி.மு. 9இலேயே சட்டம் வந்திருந்தது. சட்டம் இருந்தது, களவும் இருந்தது.

இந்தக் கால்வாய்களைத் தாங்கி நின்ற கைகளையும் அவர் எண்ணி எழுதியிருக்கிறார். அரசுக்குச் சொந்தமான அடிமைகள் 240 பேர், பேரரசருக்குச் சொந்தமானவர்கள் 460 பேர். ஆக 700 பேர். தாங்கி காப்பவர், ரோந்து போய்ப் பார்ப்பவர், குழாய் புதைத்த வீதியைத் திரும்பக் கல் பரப்புபவர், பூச்சு வேலை செய்பவர் என்று அவர்களுக்குள் பிரிவுகள் இருந்தன. மேற்பார்வையாளர்கள் இவர்களைத் தனியார் வேலைக்குத் திருப்பிவிடுவதும் நடந்தது. அதைத் தடுக்க, நாளைக்கு எந்தக் குழு என்ன வேலை செய்யும் என்பதை இன்றே எழுதி வைக்கவும், செய்த வேலையை அன்றன்றே பதியவும் ஃபிரன்டினஸ் உத்தரவிட்டார். பாடக் குறிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கு இந்த முறை புதிதல்ல. நாம் வியக்கும் ரோமின் வசதிக்குப் பின்னால் இருந்தவர்கள் இவர்கள். சில கால்வாய்கள் அவற்றைக் கட்டுவித்தவர்களின் பெயரில் நிற்கின்றன. இவர்களில் ஒருவரின் பெயரும் அந்த நூலில் இல்லை.

அந்தத் தண்ணீரில்தான் ரோமின் பொதுக் குளியலகங்கள் இயங்கின. சிறு காசு கொடுத்து ஏழையும் உள்ளே போகலாம். தரையைச் செங்கல் தூண்களின் மேல் உயர்த்தி, வெளியே உலை எரித்து, அந்தச் சூட்டைத் தரைக்குக் கீழாகவும் சுவருக்குள் பதித்த உட்குழிவான ஓடுகளுக்கூடாகவும் அனுப்பினார்கள். தரையும் சுவரும் ஒன்றாகச் சூடேறும்.

கி.பி. 537இல் கோத்தியர் ரோமை முற்றுகையிட்டுக் கால்வாய்களை வெட்டினார்கள். குளியலகங்கள் நின்றன. தண்ணீரால் சுழன்ற மாவாலைகளும் நின்றன. நகரைக் காத்துநின்றவர் நாம் 'ரூம்' என்று அறிந்த கிழக்கு ரோமப் பேரரசின் தளபதி பெலிசாரியஸ். அவர் டைபர் நதியில் படகுகளைக் கட்டி, அவற்றின் நடுவே சில்லுகளைப் பொருத்தி மா அரைக்க வைத்தார். பசி தீர்ந்தது, ஆனால் பழைய நீர்வழங்கல் திரும்பவில்லை. உடைந்ததில் சிலவற்றைப் பின்னர் திருத்தினாலும், முழுவதையும் பராமரிக்க ஆளும் காசும் நிர்வாகமும் அந்த நகரத்தில் மிஞ்சியிருக்கவில்லை.

கிழக்கில் கதை வேறு. சிரியாவும் அதைச் சூழ்ந்த நாடுகளும் முஸ்லிம்களின் ஆட்சிக்கு வந்தபோது அங்கே குளியலகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. எட்டாம் நூற்றாண்டில் உமையாக்கள் கட்டிய குஸைர் அம்ரா இன்றைய ஜோர்தானின் பாலைநிலத்தில் இருக்கிறது. அதன் குளியலறையிலும் தரைக்குக் கீழே அதே வெப்ப ஏற்பாடுதான். ரோமர்களின் குளியலகம் 'ஹம்மாம்' ஆகி, மக்கள் தொடர்ந்து பயன்படுத்தியதால் நிலைத்தது.

ரோமிலும் ஒன்று தப்பியது. கி.மு. 19இல் அக்ரிப்பா கட்டிய விர்கோ கால்வாய் பெரும்பாலும் நிலத்துக்குக் கீழே ஓடியது. 15ஆம் நூற்றாண்டில் அதைத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். இன்று உல்லாசப் பயணிகள் காசு எறியும் திரேவி நீரூற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது அந்த வழிதான். ஃபிரன்டினஸின் நூலும் அதே நூற்றாண்டில், 1429இல், மொன்தே கசினோ மடத்து நூலகத்தில் ஒரு பழைய பிரதியாகக் கிடைத்தது. அடிமைகளின் எண்ணிக்கையும் கள்ளக் கனெக்ஷன்களின் கதையும் நமக்குத் தெரியவந்தது அந்தப் பிரதியால்தான். நமது ஊர்த் தண்ணீருக்கும் இப்படியொரு கணக்கை யாராவது எழுதி வைக்கிறார்களா?