மூட்டினால் சாரம், மூட்டாவிட்டால்?

கிண்ணியாவில் புதுச் சாரம் வாங்கினால், காசை எண்ணிக் கொடுத்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கும். "மூட்டித் தரவா தம்பி?" என்று முதலாளி கேட்பார். ஓம் என்றால் துணி தையல் மெசினுக்குப் போகும். இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு தையல், இரண்டு நிமிட வேலை. அதுவரை அது துணிதான். தையல் விழுந்த பிறகே சாரம்.

சாரத்துக்கு வரைவிலக்கணம் வேண்டுமா என்று சிரிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் ஒரு உடைக்கு எது பெயர் கொடுக்கிறது என்பது விளையாட்டான கேள்வியல்ல. அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு, வேலைத்தலத்துக்குள் நுழைய முடியாமல் நின்றவர்களும் உண்டு.

சாரம் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் கொண்ட துணி. கட்டுவதற்குப் பொத்தானோ நாடாவோ தேவையில்லை. உள்ளே நின்று, மிஞ்சும் துணியை ஒரு பக்கம் இழுத்து மடித்து, இடுப்பில் சுருட்டி இறக்கினால் நிற்கும். பெல்ட் மேலதிகக் காவல்தான். எங்கள் பக்கத்து முஸ்லிம் பெரியவர்களின் அகலப் பெல்ட்டில் பணப்பையும் சேர்ந்தே இருக்கும். கட்டமா, கோடா, பத்திக்கா, வெள்ளையா என்பதெல்லாம் இரண்டாம் விடயம். வேட்டியின் முனைகளை மூட்டினால் அதுவும் வெள்ளைச் சாரமாகிவிடும். தமிழ்நாட்டில் இந்த எல்லை கொஞ்சம் தளர்வானது. அங்கே மூட்டிய கைலியும் மூட்டாத கைலியும் ஒரே கடையில் கிடைக்கும். இங்கே மூட்டாததைக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போனால், தையல்காரர் கடையைப் பூட்டிவிட்டாரா என்று கேட்பார்கள்.

பெயரோ கடல் கடந்து வந்தது. மலாய் மொழியில் சாரோங் என்றால் உறை. கத்தியின் உறைக்கும் அதே சொல்தான். சிங்களத்தில் அது சரம. துணி போன வழி இதற்கு நேர்மாறானது. பளேகாட் சாரம் என்று இலங்கை முழுவதும் சொல்லப்படும் கட்டம்போட்ட சாரத்தின் பெயரில் ஒளிந்திருப்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு. 1613இல் ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கிழக்கே கப்பலேற்றினார்கள். ஆக, பெயர் மலாயாப் பக்கத்தது, கட்டம் தமிழ்க் கரையினது. இன்று கிழக்கில் நெசவென்றால் மருதமுனைக் கைத்தறிச் சாரத்தைத்தான் முதலில் சொல்வார்கள். பர்மாவின் லோஞ்சியும் மூட்டிய குழாய்தான், கட்டும் முறைதான் வேறு.

அந்த ஒற்றைத் தையலின் கனம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இஹ்ராம் நிலையில் ஆண்கள் தைத்த ஆடை அணியக்கூடாது. அதனால் மூட்டாத இரு வெள்ளைத் துணிகளை எடுத்துச் செல்வதே வழக்கம். இப்போது இடுப்பில் இலாஸ்டிக் வைத்து, முனைகளை மூட்டிய இஹ்ராம் துணியும் விற்பனைக்கு வருகிறது. அது ஆகுமா? மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தையல் பட்டாலே ஆகாது என்போர் ஒரு பக்கம். சட்டை, காற்சட்டை போல உடலுறுப்பின் அளவுக்குத் தைத்ததையே அந்தத் தடை குறிக்கிறது, மூட்டிய இடுப்புத் துணியை அல்ல என்போர் மறுபக்கம். கேள்வி நூலைப் பற்றியதா, வடிவத்தைப் பற்றியதா என்பதில்தான் பிரிகிறார்கள்.

இதே தையல் ஸ்கொட்லாந்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே ஆண்களின் உடையான கில்ட் சாரத்துக்குத் தூரத்து உறவு, ஆனால் மூட்டப்படாதது. கம்பளித் துணி, முழங்கால் வரை நீளம், பின்பக்கம் வரிசையாகக் கொசுவ மடிப்பு, முன்னால் ஒன்றன்மேல் ஒன்று விழும் இரண்டு தட்டைப் பகுதிகள், பக்கத்தில் வார். ஆதியில் அது உடல் முழுவதையும் போர்த்திய நீண்ட கம்பளிதான். கீழ்ப்பாதியை மட்டும் தனியாக வெட்டி இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர், 1720களில் அங்கே இரும்பு உருக்காலை நடத்திய தோமஸ் ரோலின்சன் என்ற ஆங்கிலேயர் என்பது பரவலான கணக்கு. ஸ்கொட்லாந்தில் இதைச் சொன்னால் சிலருக்கு இன்றும் கோபம் வரும்.

1746 ஏப்ரலில் கலோடன் சமரில் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்கள் தோற்றார்கள். அதே ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் அவர்களின் உடையைத் தடைசெய்தது. சட்டம் உடைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கியது. முதல் குற்றத்துக்கு 6 மாதச் சிறை. இரண்டாவது தடவை பிடிபட்டால் 7 ஆண்டுகள் கடல் கடந்த நாடுகடத்தல். மன்னரின் படையில் சேர்ந்தவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. தோற்றவன் தன் உடையை அணிய வேண்டுமானால் வென்றவனின் சிப்பாயாக வேண்டும். எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கில்ட்டைக் கால்களுக்கு நடுவே ஒரு தையல் போட்டுக் காற்சட்டை என்று சொல்லிக்கொண்டார்கள். 1757இல் பிடிபட்ட ஒருவர், தன் உடை நடுவில் தைக்கப்பட்டிருந்ததை நிரூபித்து விடுதலையானதாக மலைநாட்டு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தடை 1782இல்தான் நீங்கியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1822இல், நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்திருந்தபோது தானே கில்ட் அணிந்தார். குற்றமாக இருந்தது விழா உடையாகிவிட்டது.

இன்றைய சச்சரவு வேறு. 2000ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில், பருத்தித் துணியில் பெரிய பைகள் வைத்து, வேலை செய்பவர்களுக்கான கில்ட் தைத்து விற்கிறார்கள். கம்பளியும் இல்லை, குலத்தின் கட்டமும் இல்லை. இது கில்ட்டே அல்ல, பாவாடை என்பது பழமைவாதிகளின் வாதம். என் கணக்கில் அதுவும் கில்ட்தான். பின்னால் மடிப்பும் முன்னால் திறந்த தட்டும் இருக்கும் வரை ஆதி அமைப்பு கெடவில்லை. பை வைத்துத் தைத்த சாரத்தை நாம் சாரம் என்றுதானே சொல்கிறோம்? ஆனால் இலாஸ்டிக் வைத்த சாரம் எனக்குச் சந்தேகம். சுருட்டி இறக்கும் வேலை போய்விட்டால் அது குழாய்ப் பாவாடை. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் இருப்பார்கள்.

தையல்காரரும் கட்டுபவரும் வடிவத்தைப் பார்க்கிறார்கள். அதிகாரம் பார்ப்பது வேறு. இலங்கையில் காலனித்துவ மிச்சமாக 'சறோங் ஜொனி' என்ற ஏளனச் சொல் இருந்தது. அதே இடுப்புத் துணியை வெள்ளையாக்கி, கழுத்துப்பட்டியில்லாத நீளக்கைச் சட்டையோடு அணிந்தால் அது தேசிய உடை, நாடாளுமன்றத்துக்கே போகலாம். 2019 மே மாத இறுதியில் பொது நிர்வாக அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம், அரச ஊழியரான ஆண்கள் நீளக்காற்சட்டையும் சட்டையும் அல்லது தேசிய உடை அணிய வேண்டும் என்றது. இடுப்புத் துணி வெள்ளையானால் உள்ளே, கட்டம்போட்டதானால் வெளியே.

தமிழ்நாட்டில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு சட்டம் வந்தது. 2014 ஜூலையில், வேட்டி கட்டி வந்த நீதிபதி டி. அரிபரந்தாமனை சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கக் கழகம் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, வேட்டி முதலான மரபுடைகளுக்குத் தடை விதிப்பதைச் சட்டசபை குற்றமாக்கியது. வேட்டிக்கு மரியாதை கிடைத்தது. ஆனால் கைலி கட்டியவர் அதே வாசலில் போய் நின்றால்? அதைச் சோதித்துப் பார்க்க யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் சாரத்தைச் சோதித்தவர்கள் துவக்கு வைத்திருந்தார்கள். 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை, திருகோணமலை நகருக்குப் போகக் கிண்ணியாத் துறையடியில் பாதை ஏற வேண்டும். சோதனை என்றால் சேர்ட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும், சாரத்தின் மடிப்பையும் விரித்துக் காட்ட வேண்டும். அந்த மடிப்புக்குள் எங்கள் ஆட்கள் வைத்திருந்தது பெரும்பாலும் பீடியும் சில்லறையும்தான். கூச்சம் தாங்காமல், நகரத்துக்குப் போகும்போது மட்டும் காற்சட்டைக்கு மாறியவர்கள் பலர்.

ஆனால் ஓட வேண்டி வந்தபோது கைகொடுத்தது சாரம். 2006 ஓகஸ்ட்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் இடம்பெயர்ந்து வந்தார்கள். இடம்பெயர்வில் மூட்டிய சாரம் என்னவாகும் என்பது முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாயைக் கட்டினால் சாமான் பை. இரண்டு கம்புகளை உள்ளே நுழைத்தால் காயப்பட்டவரைத் தூக்கும் படுக்கை. கிணற்றடியில் மறைப்பு, இரவில் போர்வை. வேட்டியால் இதில் பாதியைத்தான் செய்ய முடியும்.

தமிழர், முஸ்லிம், சிங்களவர், மலாயர் என்று இந்த மாவட்டத்தில் எல்லா ஆண்களும் வீட்டில் கட்டுவது இதைத்தான். அதனால் சாரம் யாருடையது என்ற சண்டை இங்கே எழவில்லை. அந்தச் சண்டையெல்லாம் பெண்களின் உடையில் விழுந்திருக்கிறது. 2018இல் திருகோணமலை நகரில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த பிரச்சினை வீதிக்கு வந்து, இரு சமூகங்களையும் எதிரெதிரே நிறுத்தியது. 2019 சுற்றுநிருபமும் பெண்களுக்குச் சேலை அல்லது கண்டியச் சேலை என்றே எழுதியது. எதிர்ப்பு வந்த பிறகுதான் அது திருத்தப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அபாயாவோடு வேலைக்குப் போன பெண்கள், தங்கள் உடைக்கு என்ன பெயர் என்று அலுவலக வாசலில் நின்று விளக்க வேண்டியிருந்தது.