வைப்பும் கடனும்: 1884 புகட்டிய பாடம்

வங்கியிலுள்ள பணத்திற் பெரும்பகுதி வங்கியாளரின் சொந்தப் பணமன்று. ஒருவர் நம்பி வைத்ததை மற்றொருவருக்குக் கடனாக வழங்கி, இரு வட்டிகளுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டிலேயே வங்கி வாழ்கின்றது. வைத்தவர் விரைவில் மீளக் கேட்கலாம். கடனோ விளைச்சலின் பின்னரே திரும்பும். இவ்விடைவெளியைக் காப்பதே நிதி நிருவாகத்தின் முதல் விதி. அது தவறின் நேர்வது யாது என்பதை இலங்கை 1884இல் கண்டது.

ஓரியண்டல் வங்கி கோப்பித் தோட்டங்களுக்குப் பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. தோட்டங்கள் வீழ்ந்தன, கடன்கள் மூழ்கின, 1884 மே மாதத்தில் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத்தாள்களோ மக்கள் கையில் இருந்தன. தேசாதிபதி ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசின் உத்தரவாதம் அளித்தார். அவ்வாண்டிலேயே நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பு அரசைச் சேர்ந்தது.

இலாபம் பங்குதாரருக்குச் சென்றது. நட்டத்தின் போதோ பொதுமக்களின் பணமே பிணை நின்றது. அவ்வாறாயின், கடன் யாருக்குச் செல்கின்றது என்று கேட்கும் உரிமையும் பொதுமக்களுடையதன்றோ? அதன் பின்னரும் சுதேச வணிகருக்கு ஆங்கில வங்கிகளின் வாயில் எளிதில் திறக்கவில்லை. செட்டிமாரின் கடனையே அவர்கள் நம்பியிருந்தனர். 1934இல் வங்கி விசாரணைக்குழு அமைந்தது; 1939இல் இலங்கை வங்கியும், 1961இல் மக்கள் வங்கியும் தோன்றின.

பெயர் மாறுவது மட்டும் போதாது. கமக்காரனும் நெசவாளியும் வைக்கும் பணம் அவர்தம் தொழிலுக்குக் கடனாகத் திரும்புகின்றதா? எந்த வங்கியின் ஐந்தொகையைப் புரட்டினும் நாம் முதலில் தேடவேண்டிய விடை இதுவே.