மேசை மலையும் ஒரு வேலியும்

தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகருக்கு ஒரு மலையே அடையாளம். 1,086 மீற்றர் உயரத்தில், கூரிய சிகரம் ஏதுமின்றி, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் நீளத்துக்குத் தட்டையாகக் கிடக்கும் மணற்கல் மலை அது. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசுங்கால் வெண்முகில் அதன் விளிம்பில் வழிந்து தொங்கும். அதனை மேசைவிரிப்பு என்பர் நகர மக்கள். உல்லாசப் பயணிகளுக்கான படங்களில் நாம் காண்பது இவ்வழகையே. அம்மலையடியில் வாழ்ந்தோர் யார், விரட்டப்பட்டோர் யார் என்பதை வரலாற்றிடமே கேட்டறிய வேண்டும்.

1503 ஆம் ஆண்டில் போர்த்துக்கேய மாலுமியான அந்தோனியோ த சல்தான்யா மலைமீதேறி, அதற்கு மேசையின் பெயரைச் சூட்டினான். ஐரோப்பியரின் ஏடுகள் அன்றிலிருந்தே மலையின் கதையைத் தொடங்குகின்றன. ஆனால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கொய்கொய் மக்கள் அங்கு மந்தை மேய்த்து வந்தனர். பருவத்துக்கேற்ப மேய்ச்சல் நிலம் மாறிச் செல்வது அவர்தம் வழக்கம்.

1652 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியனான யான் வன் றீபெக் வந்திறங்கினான். கீழைத்தேசக் கப்பல்களுக்குக் குடிநீரும் காய்கறியும் இறைச்சியும் வழங்கும் நிலையம் ஒன்றை அமைப்பதே கம்பனியின் நோக்கம். மலையின் ஊற்றுநீர் அதற்கு உதவிற்று. 1657 இல் கம்பனி ஊழியர் சிலருக்கு மலையின் மறுபுறத்தே உழுநிலம் பகிர்ந்தளிக்கப்பட்டது. மந்தைகளின் வழி அடைபட்டது. 1659 இல் போர் மூண்டது. சமாதானப் பேச்சின்போது, தாங்கள் ஒல்லாந்துக்குச் சென்று இவ்வாறு நிலம் பிடித்தால் அங்குள்ளோர் பொறுப்பரோ எனக் கொய்கொய் தலைவர்கள் வினவினர். வினவியதை வன் றீபெக்கே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தான். போரில் வென்ற நிலம் தமதே என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த விடை. 1660 இல் காட்டு வாதுமைச் செடிகளை நட்டு உயிர்வேலி அமைத்தனர் ஒல்லாந்தர். அதன் எச்சம் மலையின் கிழக்குச் சாரலிலுள்ள கேர்ஸ்ரன்பொஷ் பூங்காவில் இன்றும் தழைத்து நிற்கிறது.

1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதும் இதே கம்பனிதான் என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டு முதல் அடிமைகள் பெருந்தொகையாகக் கேப்புக்குக் கொண்டுவரப்பட்டனர். மடகஸ்கார், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், சோழமண்டலக்கரை, இலங்கை என அவர்தம் தாயகங்கள் பல. தாய்தந்தையர் இட்ட பெயர் பறிக்கப்பட்டு, 'வங்காளத்து இன்னார்', 'இலங்கை இன்னார்' என்றே பலர் ஏடுகளிற் பதியப்பட்டனர். தப்பியோடியோர் பலருக்கு மலையின் பள்ளத்தாக்குகளே புகலிடமாயின. 1834 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது; எனினும் மேலும் நான்காண்டுகள் பழைய எசமானரிடமே ஊழியஞ் செய்யுமாறு அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர்.

அவர்தம் சந்ததியாரும் துறைமுகத் தொழிலாளரும் பல தேசத்துக் குடியேறிகளும் கலந்து வாழ்ந்த இடம், மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்த ஆறாம் வட்டாரம். 1966 பெப்ரவரி 11 ஆம் நாள் அரசு அதனை வெள்ளையருக்குரிய பகுதியெனப் பிரகடனஞ் செய்தது. 1950 ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டமே அதற்கு ஆயுதம். சேரி ஒழிப்பு என்றனர் ஆட்சியாளர். நகரின் நடுவே, துறைமுகத்துக்கு அண்மையில் கிடந்த அந்நிலத்தின் விலைமதிப்பை நோக்கின் உண்மை விளங்கும். அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தொலைவிலுள்ள மணற்சமவெளிக்குத் துரத்தப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் வெறுவெளியில் எஞ்சி நின்றன. வாதுமைச் செடியால் 1660 இல் இட்ட வேலியை, முந்நூறு ஆண்டுகளின் பின் சட்டத்தால் இட்டனர் என்பதே நம் துணிபு.

அதே காலத்தில், குடாவிலுள்ள றொபன் தீவிலிருந்து நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் அம்மலையைத் தொலைவில் கண்டனர். 1964 முதல் 1982 வரை மண்டேலாவின் சிறை அதுவே.

1994 இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. வாக்குரிமை ஒரு நாளிற் கிடைத்தது. நிலமோ அவ்வாறு மீளவில்லை. ஆறாம் வட்டாரத்துக்குத் திரும்பியோர் சிலரே; முதியோர் பலர் காத்திருந்தே மறைந்தனர். மாணவருக்கு மேசை மலையின் படத்தைக் காட்டும் ஆசிரியராகிய நாம், அதன் சாரலில் நிற்கும் அந்த வேலியையும் காட்டுவோமாக.