மானிப்பாயின் மருத்துவத் தமிழும் ஈரலை நாடும் நனோத் துணிக்கைகளும்

ஈழத்தில் மேலைமருத்துவம் தமிழிற் பயிற்றப்பட்ட வரலாற்றை ஆராய்வோர் மானிப்பாயிலிருந்தே தொடங்குதல் வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திலேயே மாணவரைப் பயிற்றினார். பயின்றோரிற் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிக் கிராமங்களை விட்டகன்றனர். இவ்வனுபவமே 1860களில் அவரைத் தமிழ்மொழிப் போதனைக்குத் திருப்பியது எனலாம். மாணவர் துணையோடு உருவான 'இரண வைத்தியம்' (1867), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) ஆகியன அம்முயற்சியின் சான்றுகளாகும். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் மறையும்வரை, அவர் இந்நூற்பணியைக் கைவிடவில்லை. மதம் பரப்பும் நோக்கு அவருக்கிருந்தமையை நாம் மறைக்கவேண்டியதில்லை. பணியின் பயனோ அந்நோக்கத்தை விஞ்சி நின்றது.

'கெமிஸ்தம்' வெளிவந்த மறு ஆண்டில், 1876இல், ஜேர்மானிய உடற்கூற்றறிஞர் குப்பர் ஈரலின் நட்சத்திர வடிவக் கலங்களை விவரித்தார். குருதியில் வரும் அந்நியத் துணிக்கைகளை விழுங்கும் ஈரற் கலங்கள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றன. 1960களில் இங்கிலாந்தில் பாங்கம் கொழுப்பு நுண்குமிழிகளை ஆராய்ந்தார். மருந்தை அவற்றுள் அடைத்துக் குருதியிற் செலுத்தியபோது பெரும்பகுதி ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கியது. பிற உறுப்புகளுக்கு மருந்தனுப்ப முயன்றோர்க்கு இது தடை. ஈரலுக்கே அனுப்ப விரும்பியோர்க்கு வழி. ஈரலின் நுண்குருதிக்குழாய்ச் சுவரில் ஏறத்தாழ 100 நனோமீற்றர் அகலத் துளைகள் உள. அவற்றினும் சிறிய கொழுப்புத் துணிக்கை, குருதியிலுள்ள அப்போஇலிப்போபுரதம் ஈ என்னும் புரதத்தை மேற்பூண்டு, துளைவழி நுழைந்து, ஈரற் கலத்தின் வாங்கிகளாற் பற்றப்படுகின்றது. இவ்வடிப்படையில் அமைந்த 'பற்றிசிரான்' 2018இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈரல் ஆக்கும் பிழையான புரதமொன்று நரம்புகளிற் படிந்து அவற்றைப் பழுதாக்கும் பரம்பரை நோய்க்குரிய மருந்து இது. அப்புரதத்தை ஆக்கும் ஆர்.என்.ஏ.யை ஈரற் கலத்துள்ளேயே சிதைக்கின்றது.

இவ்வளவையும் எழுத நமக்குச் சொற்பஞ்சம் நேரவில்லை. துணிக்கை, கலம், புரதம், வாங்கி என்பன இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் சொற்களே. ஆயினும் 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் போதனாமொழி ஆங்கிலமே. உலக ஆய்வோடு உறவாட அது வேண்டியதே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஈரல் நோயுற்ற தோட்டக்காரனுக்கு, தன் உடலில் நிகழ்வதையும் தனக்குத் தரப்படும் மருந்தின் செயலையும் அறியும் உரிமை உண்டு. அவ்வுரிமை அவனது மொழியில் எழுதப்பட்ட நூல்களாலன்றி நிறைவேறாது. மானிப்பாய் மாணவர்கள் தம் காலத்து அறிவியலைத் தமிழாக்கினர். நம் காலத்து அறிவியலைத் தமிழில் எழுதும் கடன் நம்முடையதாகும்.