எலும்பு ஆறும், மரம் ஆறாது: மரம் அறுக்கும் மெஷினின் கதை

இந்த எபிசோட்ல ஒரு மெஷினோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். கடையில இதை பவர் சான்னு கேட்டு வாங்குவாங்க. மேல ஏறி வேலை செய்யறவங்க வெறுமனே 'மெஷின்'னு சொல்வாங்க. நானும் அப்படியே சொல்றேன்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. ஜெயலலிதா இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம் வாசல்ல பழைய நோட்டு, புது நோட்டு கலாட்டா ஓடிட்டிருந்தது. அன்னைக்குத்தான் வர்தா புயல் சென்னைக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது. காத்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல. ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடுத்த பல நாளுக்கு அடையாறு, தி.நகர், மயிலாப்பூர்னு எங்க போனாலும் இந்த மெஷின் சத்தம்தான்.

அப்போ பழி எல்லாம் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி மாதிரி வெளியூர் மரங்கள் மேல விழுந்தது. வேர் ஆழமா போகாது, கிளை சட்டுனு ஒடியும்னு சொன்னாங்க. அதுல உண்மை இருக்கு. ஆனா காரணம் அது மட்டும் இல்லை. மரத்தைச் சுத்தி சிமென்ட் பூசியிருப்போம். கேபிள் புதைக்க ஒரு பக்க வேரை அறுத்திருப்போம். மின்கம்பி போற பக்கத்துக் கிளைகளை மட்டும் வருஷா வருஷம் மொட்டையடிச்சிருப்போம். எடை முழுக்க ஒரு பக்கமா சேர்ந்து நிக்கிற மரத்தைத் தள்ள வர்தா அளவுக்குக் காத்து தேவையே இல்லை. இங்கதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது: மரத்தை எங்க வெட்டணும்னு மனுஷன் எப்போ கத்துக்கிட்டான்?

கதை ஆஸ்பத்திரியில ஆரம்பிக்குது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில ஸ்காட்லாந்துல ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரின்னு ரெண்டு மருத்துவர்கள். பிரசவச் சிக்கலுக்கும், கெட்டுப்போன எலும்பை எடுக்கறதுக்கும் பல் வைத்த சின்ன சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினாங்க. ரெண்டு முனையிலும் பிடி, கையால இழுக்கணும். 1830 வாக்கில் ஜெர்மனியில பெர்ன்ஹார்ட் ஹைனே அந்தச் சங்கிலியை ஒரு சட்டத்தில் பொருத்தி, கைப்பிடியைச் சுத்தினா ஓடற மாதிரி செய்தார். இன்னைக்கு நாம பார்க்கற மெஷினோட உருவம் அதுலயே தெரியும். அது அறுத்தது எலும்பை. எலும்புக்கு ஒரு குணம் உண்டு: அறுத்தாலும் திரும்பக் கூடும், ஆறும். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மரத்துக்கு வந்தது 1920களில். ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926இல் ஸ்டுட்கார்ட்ல கரண்ட்ல ஓடற மெஷினைக் கொண்டுவந்தார். 1929இல் பெட்ரோல் மெஷின். எடை 46 கிலோ, தூக்க ரெண்டு ஆள் வேணும். கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் இங்க மாம்பலம் பக்கம் பெரிய ஏரியை வடிச்சு தி.நகரை உருவாக்கிட்டிருந்தாங்க. ஒருத்தரே தூக்கிப் பிடிக்கற பெட்ரோல் மெஷினை ஸ்டீல் கம்பெனி கொண்டுவந்தது 1950இல். அதுவும் 16 கிலோ இருந்தது.

நடுவுல இன்னொரு திருப்பம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்துல ஜோ காக்ஸ்னு ஒரு மரம் வெட்டும் தொழிலாளி. 1946இல், மரத்தைக் குடையற ஒரு வண்டுப் புழுவை உட்கார்ந்து கவனிச்சார். அது இடமும் வலமுமா மாத்தி மாத்திக் கடிச்சு முன்னேறுது. அதே மாதிரி செயினுக்குப் பல் அமைச்சார். மறுவருஷம் கம்பெனி தொடங்கினார். இன்னைக்கு நம்ம தெருவுக்கு வர்ற மெஷின்லயும் அடிப்படை அந்தப் புழுவோட பல்லுதான்.

வெட்டற வேகம் வந்தாச்சு. எங்க வெட்டணுங்கிற அறிவு? அது தனி ரூட்ல வந்துட்டிருந்தது. ஜான் டேவின்னு ஒருத்தர் 1901இல் 'மர டாக்டர்'னு பொருள்படற தலைப்புல ஒரு புத்தகம் போட்டார். அவர் காலத்து வைத்தியத்துல, பல் சொத்தையை அடைக்கற மாதிரி மரப் பொந்தைச் சுரண்டி சிமென்ட்டால அடைப்பாங்க. கிளையை வெட்டினா தண்டோட ஒட்ட மழுமழுன்னு வெட்டணும், தார் பூசணும்னு ரொம்ப காலம் நம்பினாங்க. மனுஷ உடம்பை மனசுல வெச்சு மரத்துக்குப் பார்த்த வைத்தியம் இது.

1959இல் அலெக்ஸ் ஷைகோ அமெரிக்க வனத்துறையில ஆராய்ச்சியாளரா சேர்ந்தார். அதுவரைக்கும் மரத்தைக் குறுக்கா வெட்டி வளையத்தைத்தான் பார்த்திட்டிருந்தாங்க. தனியா தூக்கற மெஷின் கையில இருந்ததால, இவர் மரத்தை நீளவாக்குல பிளந்தார். இப்படி ஆயிரக்கணக்கான மரங்கள். உள்ள பார்த்தா, பழைய காயம் எதுவும் ஆறியிருக்கல. அழுகல் அப்படியே உள்ள இருக்கு. மரம் அதைச் சுத்திச் சுவர் எழுப்பி, வெளியில புதுக் கட்டை வளர்த்துக்கிட்டு மேல போயிருக்கு. 1977இல் இதை முறையா விளக்கி எழுதினார். எலும்பு ஆறும், மரம் ஆறாது. காயத்தை அடைச்சுப் பூட்டிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும்.

இதுக்கு நம்மூர் சாட்சி அடையாறு ஆலமரம். தியசாபிகல் சொசைட்டி தோட்டத்துல இருக்கற, பல நூற்றாண்டு வயசான மரம். 1989 புயல்ல அதோட தாய்த்தண்டு சாய்ந்தது. அதைக் காப்பாத்த முடியல. ஆனா விழுதுகள் தண்டாகி, மரம் இன்னும் இருக்கு.

சரி, இதை வெச்சு என்ன செய்யறது? கிளை தண்டோட சேர்ற இடத்துல மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். மரம் சுவர் எழுப்பறது அங்கிருந்துதான். அதை விட்டுவிட்டு, அதுக்கு வெளியில வெட்டணும். பெரிய கிளைன்னா மூணு வெட்டு: தண்டுல இருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் பாதிக்கும் குறைவா ஒரு வெட்டு, அதுக்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை விழும், கடைசியா மோதிரத்தை ஒட்டி மிச்சக் கட்டையை எடுக்கறது. முதல் வெட்டு இல்லேன்னா, விழற கிளை தண்டுப் பட்டையை உரிச்சுக்கிட்டே போகும். தாரோ பெயின்டோ பூசறதால அழுகல் நிக்காது.

மெஷின் தேர்வும் இதுல இருந்துதான் வருது. தி.நகர் ரோட்டுல விழுந்து கிடக்கற தூங்குமூஞ்சியைத் துண்டு போட 18, 20 அங்குல பார் வெச்ச பெரிய மெஷின் சரி. மயிலாப்பூர் மாட வீதி பக்கத்துச் சந்துல, ரெண்டு மாடிக்கும் கம்பிக்கும் நடுவுல நிக்கற வேம்புக்கு அது ஆகாது. அங்க மேல ஏறி, துண்டு துண்டா கயிறு கட்டி இறக்கணும். அதுக்கு 12, 14 அங்குல பாரோட, மூணு நாலு கிலோ எடையில, பிடி மேல இருக்கற மெஷின் உண்டு. பயிற்சி இல்லாதவங்க தொடக் கூடாத மெஷினும் அதுதான். பாரோட நுனி மேல்பக்கம் எதுலயாவது இடிச்சா, மெஷின் கண் இமைக்கற நேரத்துல முகத்தைப் பார்த்துத் திரும்பும்.

மந்தைவெளியில மரம் ஏறற ஒரு அண்ணன்கிட்ட இதைப் பத்திக் கேட்டேன். "மேல போனா கைரம்பம்தான் தம்பி. அது மெதுவா போகும், நம்ம கை சொல்றதைக் கேக்கும். மெஷின் எல்லாம் கீழ வந்தப்புறம்," என்றார். ஒரு மரத்துக்கு எவ்வளவு நேரம் குடுப்பாங்கன்னு கேட்டேன். "நேரம் யாரு குடுக்கறா? மத்தியானத்துக்குள்ள தெரு காலியாகணும், அவ்வளவுதான்." அவர் காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் கயிறு. தலைக்கவசம் இல்லை. செயின் பட்டா நார் சிக்கி மெஷினையே நிறுத்தற கால்சட்டை உலகத்துல இருக்கு. அவர் போட்டிருந்தது அரை டிராயர்.

மெஷின் இப்போ எந்தக் கடையிலயும் கிடைக்குது, ஆன்லைன்லயும் வருது. ஷைகோ கண்டுபிடிச்சது மெஷினோட சேர்ந்து டெலிவரி ஆகறதில்லை. அதைக் கத்துக்கொடுக்க ஆள், கத்துக்க நேரம், அந்த நேரத்துக்குக் கூலி வேணும். அந்தச் செலவை மிச்சம் பிடிச்சா, புயல் நாள்ல மரமும் விழும், மரத்துக்குக் கீழ நிக்கறவங்களும் மாட்டுவாங்க.

அடுத்த தடவை உங்க தெருவுல கிளை கழிக்க ஆள் வந்தா, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி கட்டாயம் வருவாங்க, ரெண்டு நிமிஷம் நின்னு பாருங்க. ரெண்டு பக்கமும் எடை சமமா இருக்கான்னு பாருங்க. அந்த மோதிரத்தை விட்டு வெட்டச் சொல்லி வேலை கொடுத்தவர்கிட்ட கேளுங்க, ஏறினவர்கிட்ட இல்லை. ஏறினவருக்கு அரை மணி நேரம் கூடுதலா கிடைச்சா போதும், பாதி பேருக்கு எங்க வெட்டணும்னு கை ஏற்கெனவே சொல்லும்.