தேதி நின்றது, பருவம் மாறியது: இறம்பொடைத் தோட்டங்களின் விழா ஆண்டு

மலையகத் தோட்டங்களின் விழாக்களைத் தமிழகத்திலிருந்து வந்த வழக்கங்களின் எச்சமாக மட்டும் பார்க்கும் போக்கு நம்மிடம் நிலைத்துவிட்டது. பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். தையில் பொங்கல், மாசியில் காமன் கூத்து, பங்குனி சித்திரையில் மாரியம்மன் திருவிழா, ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் பஜனை என மாதங்கள் மாறவில்லை. ஆனால் கம்பளை–நுவரெலியா வீதியில் புசல்லாவையைத் தாண்டி இறம்பொடைக்கு ஏறினால், அம்மாதங்களின் பருவம் வேறாக இருக்கிறது. தொழிலாளருக்கென்று வயல் இல்லை, ஆண்டுக்கொரு அறுவடையும் இல்லை. பன்னிரண்டு மாதமும் கொழுந்துதான். இங்கே விழா ஆண்டை வகுத்தவை மழை, வேலை, சம்பளம் ஆகிய மூன்றுமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜப்பானை ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1873 சனவரி முதல் நாள் அந்நாடு மேற்கத்திய நாட்காட்டிக்கு மாறியது. அதனால் மூதாதையரை வரவேற்கும் போன் விழா பருவத்துக்கு முந்திவிடும் நிலை வந்தபோது, பல பகுதிகள் அதை ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டில் வைத்துக்கொண்டன. பருவத்தைக் காக்கத் தேதியை விட்டுக்கொடுத்தார்கள். மலையகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. தேதி காக்கப்பட்டது, பருவம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. வெறுமையாகிப்போன அந்தத் தேதிகளுக்குப் புதிய பருவத்தைத் தோட்டத்து மக்களே தேடிக்கொடுத்தார்கள்.

கோப்பிக் காலத்தில் இத்தேவை அவ்வளவாக எழவில்லை. கோப்பி பறிக்கும் மாதங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். திருவிழா ஊரிலேயே இருந்தது. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலை ஆண்டு முழுவதும் ஆள் கேட்டது. லயங்களில் குடும்பங்கள் நிலைத்தன, கோயில்கள் எழுந்தன. இந்த விழா ஆண்டு தேயிலை பெற்ற பிள்ளை.

காமன் கூத்தைப் பாருங்கள். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் நட்டு, பௌர்ணமியையொட்டித் தகனம் முடியும்வரை இரவுகள் தொடரும் கூத்து இது. ரதி வேடம் ஆணுக்குரியது; வேடம் கட்டுவோர் விரதம் காப்பர். மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி நடுப்பகுதி வரை வறண்ட காலம். கொழுந்து குறையும், இரவில் மழை அரிது, ஒன்றுகூட அவகாசம் கிடைக்கும். இரவெல்லாம் வெட்டவெளியில் ஆட இதைவிட வாய்ப்பான நாட்கள் அங்கே இல்லை. முன்பு விடியற்காலையில் பெரட்டு எனும் வேலைக் கணக்கெடுப்புக்கு எழுப்பிய தப்புப் பறை, இந்த இரவுகளில் காமனாகிய மதனுக்காகவும் அவன் மனைவி ரதிக்காகவும் முழங்கியது. வேலைக்கு விரட்டிய பறையைத் தம் தெய்வக் கதைக்கு மீட்டெடுத்தது சாதாரணச் செயலல்ல. எரிந்த கணவனுக்காக ரதி அழும் அழுகையில், தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகத் தோட்டங்களுக்கு நடந்துவந்த பாதையில் மாண்டவர்களுக்கான அழுகையும் கலந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

மாரியம்மன் திருவிழா வறட்சிக்கும் தென்மேற்குப் பருவமழைக்கும் இடைப்பட்ட பொருத்தில் அமைகிறது. மழை கொட்டத் தொடங்கிய பின் தோட்டப் பாதையில் தேர் இழுப்பது கடினம். பொங்கலுக்கோ சொந்த அறுவடை இல்லை, புத்தரிசி கடையிலிருந்து வருகிறது. மாடு வளர்க்கும் வீடுகளில் மாட்டுப்பொங்கலே உயிருள்ள விழா.

எந்தப் பஞ்சாங்கமும் அறியாத வழிபாடுகளே என் வாதத்துக்கு வலுவான சான்று. ஆலை இயந்திரத்தைக் காக்கும் ரோதை முனி, தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துத் தொடங்குமுன் பூசை பெறும் கவ்வாத்துச் சாமி ஆகியோர் தமிழகக் கிராமத்துக்குத் தெரியாத தெய்வங்கள். இவர்களின் நாளைத் திதியும் நட்சத்திரமும் குறிப்பதில்லை, வேலைதான் குறிக்கிறது.

சம்பளமும் அப்படியே. தொழிலாளரின் தலைவரான பெரிய கங்காணியின் புரவலில் நடந்த திருவிழா, பின்னர் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் கழிக்கப்படும் கோயில் சந்தாவுக்கு மாறியது. தீபாவளிக்குத் தோட்டம் தரும் முற்பணம் பின்வரும் மாதச் சம்பளங்களில் கழியும். அதாவது பொங்கல் வருவதற்குள் தீபாவளிக் கடன் தீர்ந்திருக்காது. இரண்டு பண்டிகைகளில் எது பெரிதாகக் கொண்டாடப்படுகிறது என்ற கேள்விக்குச் சமய நூல்களைவிடச் சம்பளச் சீட்டே நல்ல விடை தரும்.

விழாக்களைப் பொருளாதாரமாகச் சுருக்குவதாக இதை மறுக்கலாம். நேர்த்திக்கடன் வைத்துக் காவடி எடுப்பவரின் பக்தியைச் சம்பளச் சீட்டு விளக்காது, அது உண்மை. ஆனால் அந்தப் பக்தி எந்த நாளில், எத்தனை இரவு வெளிப்பட முடியும் என்பதைத் தோட்டம்தான் தீர்மானித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியபோது, வேடம் கட்டியவர்களும் பாட்டுத் தெரிந்தவர்களும் அவர்களோடு போனார்கள். இன்று இளைஞர் பலர் கொழும்பில் வேலை செய்கின்றனர். இரண்டு மூன்று நாள் விடுமுறைக்குள் அடங்கும் தேரும் தீபாவளியும் பெருகுகின்றன. தொடர் இரவுகள் கேட்கும் காமன் கூத்து சுருங்குகிறது. விழா ஆண்டை இப்போது வகுப்பது நகரத்து விடுமுறை.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டியிராவிட்டால் அவற்றில் பல நமக்குக் கிடைத்திரா. விழாக்களுக்கும் அத்தகைய உழைப்பு வேண்டும். இறம்பொடையைச் சூழ்ந்த தோட்டங்களின் கோயில் வரவு செலவுக் கொப்பிகள், சந்தாப் பட்டியல்கள், திருவிழா அறிவித்தல்கள், கூத்துப் பாட்டுக் கையெழுத்துகள் ஆகியவற்றைக் கோயில் குழுக்கள் பழைய தாளென்று எறிந்துவிடக் கூடாது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் அவற்றைப் படியெடுக்கும் பணியை இந்தத் தலைமுறை இருக்கும்போதே தொடங்க வேண்டும்.